பியானா தெலி அல்பனேசி: வேலை கேட்டு மலையேறிய உயிர்த்த ஞாயிறு

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கச்சி குடும்பம் வருகிற வசந்தத்தில் பலெர்மோவுக்கு வருகிறது. கடல், தேவாலயங்கள், சந்தைகள் எல்லாவற்றையும் இணையத்தில் பார்த்து முடித்துவிட்டார்களாம். "அக்கா, இஞ்சை சிற்றியை விட்டு ஒரு மணித்தியாலம் ஓடினால் பண்ணை, குதிரை, ஆப்பிள் தோட்டம் எண்டு அமைதியான ஊருகள் வரும். உங்கடை பலெர்மோவுக்குப் பக்கத்திலை அப்பிடி ஒண்டும் இல்லையோ?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

ஏன் இல்லை. தெற்கே மலைக்கு மேலே 24 கிலோமீட்டர் தூரத்தில் பியானா தெலி அல்பனேசி இருக்கிறது. ஆடுகளும் கோதுமை வயலும் ஓர் ஏரியும் உள்ள சிறிய ஊர். அவளுக்கு எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன். போக நினைக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

நான் அங்கே முதன்முதலில் போனது 1996ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. நானும் கணவர் அருளும் வேலை கேட்டுப் போனோம்.

அப்போது எங்களுக்குக் கலியாணமாகி ஒன்றரை வருடம். ஆனால் ஒரு கிழமை சேர்ந்தாற்போல் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. இருவருக்கும் 'ஃபிஸ்ஸோ' வேலை, அதாவது வேலை செய்யும் வீட்டிலேயே தங்க வேண்டும். நான் நகரத்துக்குள் ஒரு இத்தாலிய அம்மாவின், எங்கள் பேச்சில் சின்யோராவின், வீட்டில். அவர் மொந்தெல்லோ கடற்கரைப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற டாக்டர் வீட்டில். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. அந்த நேரத்தில் வியா மக்வேதாவில் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு நடப்போம். மழை பெய்தால் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் போய், ஏதோ ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் போல வாங்கில் இருப்போம். வேலையை விட்டுவிட்டு அறை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வேலை இல்லையென்றால் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும்போது கேள்வி வரும். அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

என் சின்யோராவின் சிநேகிதி கத்தரீனா ஓர் ஆசிரியை. வார நாட்களில் பலெர்மோவில் படிப்பித்துவிட்டுச் சனிக்கிழமை பியானாவுக்குப் போவார். அவருடைய தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்திருந்தது. கூட இருந்து பார்க்க ஒரு கணவன் மனைவி வேண்டும், மேல்மாடியில் தனி அறை தருவோம் என்று அவர் சொல்ல, சின்யோரா என்னைக் கை காட்டினார். "ஆனால் முடிவெடுப்பது அப்பாதான். முன்பு வந்த இரண்டு பேரையும் அவரே அனுப்பிவிட்டார். உயிர்த்த ஞாயிறன்று மதியச் சாப்பாட்டுக்கு வாருங்கள்" என்றார் கத்தரீனா. அன்று தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை. தனி அறை என்ற சொல் மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பண்டிகை நாளில் பேருந்தை நம்ப முடியாது என்பதால் சூசை அண்ணனைப் பிடித்தோம். அவர் மன்னார் பேசாலை ஆள், எங்களுக்கு முன்பே பலெர்மோவுக்கு வந்தவர். ஒரு குடும்பத்துக்குத் தோட்டமும் காரும் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு பழைய ஃபியட் ஊனோ வைத்திருந்தார். காலை எட்டு மணிக்கு ஸ்தாசியோனே முன்னால் ஏற்றினார். ஏறியதும் மூக்கைச் சுருக்கி, "தங்கச்சி, கட்லட் மணக்குது" என்றார். பிறகென்ன, வழியில் வரும் அல்தோஃபோந்தேயைத் தாண்டு முன்பே, கத்தரீனா வீட்டுக்கென்று நான் பொரித்துக் கட்டிய பொதி பாதியாகிவிட்டது.

நகரத்தை விட்டதும் பாதை வளைந்து வளைந்து ஏறும். ஏப்ரலில் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள். கீழே தோடம்பழத் தோட்டங்கள் பூத்திருக்கும், அந்த வாசனை கார் முழுக்க நிற்கும். திரும்பிப் பார்த்தால் பலெர்மோவும் துறைமுகமும் கடலும் ஒரு தட்டில் வைத்தது போலத் தெரியும். நான் மூன்று இடத்தில் நிற்பாட்டச் சொன்னேன். சூசை அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

"உண்மையாத்தான் கேக்கிறன், இந்த மலைக்கு மேலை வந்து ஆரோடை கதைக்கப் போறியள்? ஆட்டோடையோ?"

"அண்ணை, நாங்கள் ரெண்டு பேரும் எங்களுக்குள்ளையே இன்னும் கதைச்சு முடிக்கேல்லை" என்றார் அருள். சூசை அண்ணன் சிரித்துவிட்டு கியரை மாற்றினார்.

கடைசி வளைவில் ஏரி தெரிந்தது. அணை கட்டித் தேக்கிய தண்ணீர்தான், ஆனாலும் பச்சை மலைகளுக்கு நடுவே அத்தனை நீலத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்தது ஊர். தெருப் பெயர்ப் பலகைகளில் இரண்டு மொழி. ஒன்று இத்தாலியம், மற்றது எனக்கு வாயில் வராத ஏதோ ஒன்று. சுமார் ஐந்நூறு வருடத்துக்கு முன்னர் துருக்கியர் படையெடுப்புக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த அல்பானியர்களின் ஊர் இது. வந்தவர்களின் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றைக்கும் வீட்டில் அர்பரெஷ் என்னும் தங்கள் மொழியைத்தான் கதைக்கிறார்கள். அருள் ஒரு பலகையின் கீழ் நின்று அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஐந்நூறு வருசமப்பா" என்று என்னைப் பார்த்தார். அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நாங்கள் வந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை.

பெரிய தேவாலயத்துக்குள் கால் வைக்க இடமில்லை. இவர்களும் பாப்பரசருக்குக் கீழ்ப்பட்ட கத்தோலிக்கர்தான், ஆனால் வழிபாடு கிரேக்க முறை. பீடத்தை மறைத்துப் படங்கள் நிறைந்த ஒரு சுவர். பாட்டுக்கு ஓர்கன் இல்லை, குரல் மட்டும். சுவிசேஷத்தை ஒரு மொழியில் வாசித்து நிறுத்தி, அடுத்த மொழியில் வாசித்தார்கள். கிரேக்கம், அர்பரெஷ், இத்தாலியம், அரபும் வந்தது. "தமிழ் மட்டுந்தான் மிச்சம். நீர் போய் வாசியும்" என்று அருள் காதுக்குள் சொன்னார்.

பூசை முடிந்து பெண்கள் வெளியே வந்தபோது நான் வாயைத் திறந்தபடி நின்றேன். பொன்னூல் வேலைப்பாடு செய்த சிவப்புப் பாவாடை, இடுப்பில் பெரிய வெள்ளிப் பட்டி, தலையில் மெல்லிய துணி. இளம்பெண்களும் நடுவயதுக்காரிகளும் வரிசையாகச் சதுக்கத்தை நோக்கி நடந்தார்கள். எங்கள் கூறைச் சேலையையெல்லாம் தூக்கி அடிக்கிற மினுக்கம். சதுக்கத்தில் சிவப்புச் சாயம் போட்ட முட்டைகளை ஆசீர்வதித்துக் கொடுத்தார்கள். எனக்கு முட்டை தந்த பெண்ணே கத்தரீனா. அந்த உடையில் அவரை அடையாளமே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவரைக் காட்டி, "இவர் எங்கள் குருவானவரின் மனைவி" என்று அறிமுகப்படுத்தினார்.

சூசை அண்ணன் என்னைச் சுரண்டினார். "என்ன சொல்லுறா? சுவாமியாற்றை மனுசியோ?"

"ஓம் அண்ணை. இஞ்சை கலியாணம் செய்த ஆக்களும் சுவாமியாகலாமாம்."

"பேசாலையிலை போய்ச் சொன்னால் என்னை அடிப்பாங்கள்" என்றார் அவர். அதற்குப் பிறகு அவர் கோப்பிக் கடைப் பக்கம் போய்விட, நாங்கள் இருவரும் கத்தரீனாவோடு அவர் வீட்டுக்கு நடந்தோம்.

வாசலில் கத்தரீனா நின்றார். "உள்ளே போக முன் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இத்தாலிய மொழி போய்விட்டது. ஒக்டோபரில் நோய் வந்த நாளிலிருந்து அர்பரெஷ் மட்டும்தான் வாயில் வருகிறது. முன்பு வந்தவர்கள் பலெர்மோக்காரர். அவர்களுக்கு அது விளங்கவில்லை, இவருக்குக் கோபம்."

அருள் தமிழில் முணுமுணுத்தார். "எங்கடை இத்தாலியனே அரைகுறை. இனி அல்பானியனோ?" அந்தப் படிகளில் ஏறும்போது, பலெர்மோவுக்குத் திரும்பி வியாழக்கிழமை எங்கே நடப்பது என்றே யோசித்தேன்.

தகப்பனின் பெயர் லூக்கா. அந்த ஊரில் பேக்கரி வைத்திருந்தவர். அகலத் தோள், வலது கை மடியில் சும்மா கிடந்தது. எங்களுக்குத் தலையசைக்கவில்லை. ஆட்டிறைச்சியும் அடுப்பில் வேகவைத்த பாஸ்தாவும் மேசைக்கு வந்த நேரம், மிலானில் இருக்கும் கத்தரீனாவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். கத்தரீனா வெளிக்கூடத்துக்குப் போனார். நாங்கள் மூவரும் தனியே.

லூக்கா இடது கையால் மேசையைத் தட்டி, "உய்" என்றார். நான் துவாயைக் கொடுத்தேன். தட்டிவிட்டார். அருள் யன்னலைச் சாத்தினார். அதுவும் இல்லை. "உய்." முகம் சிவந்தது. எனக்குப் பதற்றத்தில் இத்தாலியமும் மறந்துபோய், "என்ன வேணும் ஐயா? தண்ணியோ?" என்று தமிழில் கேட்டபடி கிளாஸை நீட்டினேன். வாங்கிக் குடித்தார். "உய்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். என் உச்சரிப்பைக் கேட்டு உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

அடுத்தது, "புக்." இந்த முறை அவர் கண் போன இடத்தைப் பார்த்தேன். "பாணைக் கேக்கிறாரப்பா. அதை எடுங்கோ" என்றேன். அருள் ஒரு துண்டு வெட்டி மரியாதையாக நீட்டினார். "இந்தாங்கோ ஐயா, பாண்."

லூக்கா வாங்காமல் அருளைப் பார்த்தார். பிழையாகச் சொன்ன வேலைக்காரப் பொடியனைப் பார்ப்பது போல. "பானே" என்றார்.

அருள் விடவில்லை. "பாண்."

"பா-னே." மேசையில் ஓர் அடி.

"ஓம் ஐயா, பாண்" என்று அருள் சொல்ல, நானும் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், தோள் குலுங்க. நாங்கள் சொல்லும் பாண் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல், இத்தாலியரின் 'பானே'க்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரம் ஒரு பேக்கரிக்காரர் தன் சரக்கின் பெயரைத் திருத்தினார், அவ்வளவுதான்.

நிமிர்ந்தால் கத்தரீனா கதவடியில் நிற்கிறார். வெளிக்கூடத்தில் தொலைபேசி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து தம்பியின் குரல் கேட்டபடி இருந்தது.

"அப்பா என்ன சொன்னார்?"

"பானே" என்றேன்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். ஒக்டோபரிலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் பாணைக் காட்டி அந்த இத்தாலியச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தாராம். தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். இப்போதும் கெஞ்சிப் பார்த்தார். மகளுக்காக லூக்கா அதை இரண்டாம் முறை சொல்லவில்லை. அர்பரெஷில் நீளமாக ஏதோ சொன்னார். கத்தரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

"உங்கள் கணவர் பாணைத் தலைகீழாக வைத்துவிட்டாராம். அப்படி வைக்கக் கூடாதாம். வெட்டின விதமும் சரியில்லையாம். காட்டிக் கொடுக்க வேண்டுமாம். எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார்."

மேல்மாடி அறையைப் பார்த்தோம். இரட்டைக் கட்டில், ஒரு அலுமாரி, ஏரி தெரியும் யன்னல். அருள் கதவை உள்ளிருந்து பூட்டிப் பார்த்தார், பிறகு திறந்தார், மறுபடி பூட்டினார். கத்தரீனா பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதே அவருக்கு நினைவில்லை.

சதுக்கத்தில் சூசை அண்ணன் கன்னோலோ என்ற பொரித்த குழல் இனிப்பைத் தின்றுகொண்டிருந்தார். முழங்கையளவு என்று சொன்னால் மிகை, ஆனால் பலெர்மோவில் கிடைப்பதை விட இரண்டு மடங்கு. உள்ளே அன்று காலை செய்த ஆட்டுப்பால் ரிக்கோத்தாப் பாற்கட்டி. அப்போது 2,500 லீரா. செய்தியைச் சொன்னோம். யோசித்துவிட்டு, "எல்லாம் சரி. மீனுக்கு என்ன செய்வியள்?" என்றார். பிறகு அவரே அதற்கு வழி செய்தார். மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர் ஊனோ மலையேறி வரும், முதல் நாள் பலெர்மோவின் வுச்சீரியா சந்தையில் வாங்கி ஐஸ் போட்ட மீனோடு.

மே மாதம் குடிபோனோம். லூக்கா இறக்கும்வரை நான்கு வருடம் இருந்தோம். இத்தாலியச் சொற்கள் சில அவருக்குத் திரும்பின, பல திரும்பவே இல்லை. எங்களுக்கு அர்பரெஷ் அடுக்களை அளவுக்கு வந்தது. அருள் இன்றைக்கும் பாண் வெட்டினால் ஒரு துண்டுபோல மற்றத் துண்டு இருக்கும்.

இனிப் போகிறவர்களுக்கு. வார நாட்களில் ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து பேருந்து புறப்படும், ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஞாயிறும் பண்டிகையும் என்றால் காரில் போங்கள். திரும்பும் பேருந்து நேரத்தை ஏறும்போதே சாரதியிடம் கேட்டு வையுங்கள். மலையில் பின்னேரம் குளிரும், ஏப்ரலிலும் ஜக்கெட் தேவை. உயிர்த்த ஞாயிறன்று பூசைக்கு முன்பே போய் இடம் பிடியுங்கள். கன்னோலோ இருவருக்கு ஒன்று போதும். பெண்களைப் படம் எடுக்க முன் ஒரு வார்த்தை கேளுங்கள், சந்தோசமாக நிற்பார்கள்.

தங்கச்சிக்கு மட்டும் ஒன்று. உடுப்பும் கூட்டமும் இல்லாத ஒரு திங்கட்கிழமையிலும் உன்னை அங்கே கூட்டிப்போவேன். குடிபோன மறுநாள் ஒரு திங்கட்கிழமை. காலையில் நானும் அருளும் அந்த யன்னலடியில் தேத்தண்ணி குடித்தோம். அதுவரை எங்களுக்கு நேரம் காணாமல், கண்டதும் அவசரமாகக் கதைப்போம். அன்றைக்கு அரைமணித்தியாலம் இருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. பிறகு அவர் எழும்பி, "பின்னேரம் காணுறன்" என்று சொல்லிவிட்டுக் கீழ்மாடிக்கு வேலைக்குப் போனார்.