பறளியைத் தேடிக் கருங்கல் வரை

நாகர்கோவில் சந்திப்பில் நாங்கள் இறங்கியபோது காலை ஆறு மணி. திருச்சியிலிருந்து இரவு முழுக்க வந்த ரயில். நாங்கள் என்றால் நான், என் கணவர் சரவணன், மூன்று மாதம் முடிந்த எங்கள் மகள். அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பயணமே.

கல்யாணமான புதிதில் இந்த மாவட்டத்துக்கு ஒருமுறை வந்திருந்தோம். பெருஞ்சாணி அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு பாலத்தின் ஓரம் ‘பறளியாறு’ என்று பலகை நின்றது. ‘பறளி’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடித்தபின்னும் நாக்கில் நின்றது. பெண் பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.

பெண்ணே பிறந்தாள். சரவணன் எதிர்த்தார் என்று சொல்லமாட்டேன், தயங்கினார். குழந்தைப் பெயர்களுக்கென்றே இருக்கிற இணையதளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினார். ஒன்றில் அந்தப் பெயரே இல்லை. இன்னொன்றில் பொருள் ‘தெரியவில்லை’ என்றும், வைத்திருப்பவர்கள் பூஜ்யம் என்றும் இருந்தது. மூன்றாவது தளம் இந்தியில் ‘பராலி’ என்றால் அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் வைக்கோல் தாள் என்றது. மாமியார் ‘ஆத்யா’ என்ற பெயரோடு தயாராக இருந்தார். எங்கள் அடுக்ககத்தில் ஏற்கெனவே மூன்று ஆத்யாக்கள் இருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை பெயர் சூட்டுவது என்று நாளும் குறித்தாயிற்று.

“ஒரே ஒரு ஆளைக் காட்டு,” என்றார் சரவணன். “இந்தப் பேரோட சந்தோஷமா இருக்கிற ஒரே ஒரு ஆள். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஜெஸ்ஸி டீச்சர் திருவட்டாறு பக்கத்து வேர்கிளம்பிக்காரர். பெயரைக் கேட்டதும், “எங்கூட பத்தாங்கிளாஸ் படிச்சவ ஒருத்தி உண்டே, பறளின்னு. திருவட்டாறு பாலத்துக்கிட்ட அவ அண்ணன் பஞ்சர் கடை வச்சிருந்தாரு,” என்றார். தொலைபேசி எண் எதுவும் அவரிடம் இல்லை. எனக்கு அது போதும். அன்று மாலையே டிக்கெட் போட்டேன்.

சந்திப்பிலிருந்து வடசேரிப் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய். சந்தையில் அந்த நேரத்திலேயே ஏத்தன் வாழைக்குலைகளை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டோம். ஏழே காலுக்கு திருவட்டாறு பேருந்து கிடைத்தது. சுமார் முப்பது கிலோமீட்டர். எனக்குக் கட்டணமில்லை, சரவணனுக்கு மட்டும் டிக்கெட். வில்லுக்குறியில் தொடங்கிய மழை தக்கலையைத் தாண்டியும் விடவில்லை. அழகியமண்டபத்துக்கு அப்பால் சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் நெருங்கி வந்தன. மகள் என் மடியில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

பக்கத்தில் இருந்த பெண்மணி அவள் கன்னத்தைத் தொட்டு, “பிள்ளைக்கு என்ன பேரு?” என்று கேட்டார்.

“இன்னும் வைக்கலீங்க,” என்றார் சரவணன், நான் வாயைத் திறப்பதற்குள்.

திருவட்டாற்றில் இறங்கும்போது ஒன்பது மணி இருக்கும். மழை விட்டிருந்தது. பாலத்துக்கு அருகே ஒரு சாயாக்கடையில் போய், பறளியைத் தெரியுமா என்று கேட்டேன். கடைக்காரர் சாயாவை ஆற்றுவதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார்.

“ஆத்தைக் கேக்கியளா, ஆளைக் கேக்கியளா?”

ஆள் ஒருத்தி உண்டு என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

“ஆளைத்தான்.”

“சுனிலுக்க தங்கச்சியைக் கேக்கிறீங்க. சுனில் அந்தா, டயர் தொங்குதுல்லா, அந்தக் கடை.” சாயாவை நீட்டிவிட்டு ஆற்றைப் பற்றியும் அவராகவே சொன்னார். பல துளி சேர்ந்து வந்ததால் பறளி என்று ஆனது என ஒரு வாத்தியார் சொல்வாராம். பழைய காலத்துப் பஃறுளியாறு இதுதான் என்று சொல்கிறவர்களும் உண்டாம். “உறுதி ஒண்ணும் கிடையாது, கேட்டியளா. நமக்குக் குளிக்க வெள்ளம் வந்தா போரும்,” என்று முடித்தார்.

சுனில் லாரிச் சக்கரம் ஒன்றின்மீது குனிந்திருந்தார். நாற்பது வயது இருக்கலாம். நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

“அப்பா பேரு தேடி வச்சதெல்லாம் இல்ல,” என்றார். “அம்மைக்கு வலி வந்து ஜீப்பில கொண்டு போச்சினும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரதுக்குள்ள, இந்தப் பாலத்தில வச்சே பிறந்துட்டா. அங்க போனதும் நர்ஸம்மா, எங்க பிறந்துச்சுன்னு கேட்டாவ. அப்பா பறளியிலன்னு சொன்னாரு. பிறவு வார்டு முழுக்கப் பறளிக்குட்டின்னு விளிச்சினும். அதுவே நின்னுட்டு.”

“இப்ப அவங்க எங்க இருக்காங்க?”

“கருங்கல்ல. சிப்ஸ் கடை.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா அங்க போய்ப் பறளின்னு கேக்காதீங்க. யாருக்கும் தெரியாது. அவ பேரை மாத்தியாச்சு. இப்போ பிரியா.”

சரவணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி இல்லை, பாவம் என்ற இரக்கம்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. “இவ்வளவு தூரம் வந்தாச்சு. கருங்கல் போறோம்,” என்றேன்.

கிளம்புமுன் படித்துறையில் இறங்கினோம். மழைக்குப் பின் ஆறு சாயா நிறத்தில் ஓடியது. மகளின் வலது காலை நீரில் நனைத்தேன். அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

திருவட்டாற்றிலிருந்து மார்த்தாண்டம் எட்டு கிலோமீட்டர். அங்கே பேருந்து மாறினால் கருங்கலுக்கு இன்னும் பத்து. சந்தை நாள் போலும், கருங்கல் முக்கில் பேருந்து நகரவே இல்லை. இறங்கி நடந்தோம். மரச்சீனிக் கிழங்குக் குவியல்களையும் மீன்கூடைகளையும் தாண்டி வந்தபோது தேங்காயெண்ணெய் காயும் வாசனை வந்தது. ‘பிரியா சிப்ஸ்’ என்று பலகை. உள்ளே பெரிய உருளிக்கு மேல் ஒரு பெண் ஏத்தங்காயைச் சீவுகட்டையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வட்டங்கள் நேராக எண்ணெயில் விழுந்து பொங்கின. அவள் கணவர் முன்னால் எடை போட்டுக்கொண்டிருந்தார்.

நான் அவள் அருகே போய், மெதுவாகத்தான், “பறளி?” என்றேன்.

அவள் கை நின்றது. திரும்பவில்லை. எண்ணெயில் கிடந்ததை அரித்தெடுத்து, அடுப்பைத் தணித்துவிட்டு, பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்கு ஆரு சொன்னது?”

ஜெஸ்ஸியைச் சொன்னேன், சுனிலைச் சொன்னேன், மகளைக் காட்டினேன். கடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறைக்கு எங்களைக் கூட்டிப் போனாள். விசிறியைப் போட்டாள். மகளுக்கு அவள் பெயரை வைக்க விரும்புவதைச் சொன்னேன்.

“வேண்டாம்,” என்றாள். “அந்தப் பேரு பிள்ளைக்கு வைக்காதீங்க.”

பள்ளிக்கூடத்தில் அவளைப் ‘பல்லி’ என்றார்களாம். அதைச் சகித்துக்கொண்டாள். நர்சிங் படிக்க வெளியூர் போனபோது வருகைப் பதிவில் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. முதல் நாளே யாரோ அதைப் ‘பேராலிசிஸ்’ என்று வாசித்தார்கள். பக்கவாதம். நர்சிங் வகுப்பில் இதைவிட எளிதாக ஒட்டிக்கொள்ளும் பட்டப்பெயர் வேறு இல்லை. வார்டில் ஒரு பக்கவாத நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதுகூட யாரோ சிரித்தார்கள். ஒரு வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

“பேருக்காவ மட்டும் விட்டேன்னு சொல்லமாட்டேன். எனக்கும் படிப்பு ஓடல்ல. ஆனா அதுவும் ஒரு காரணம். கல்யாணத்துக்கு முன்ன நானே மாத்திட்டேன்.”

சரவணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் நெடுநாள் வலியைக் கிளறத்தான் இத்தனை தூரம் வந்தேனா என்று தோன்றியது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

“நல்லபடியா யாருமே அந்தப் பேரைச் சொன்னதில்லையா?” என்று கேட்டேன்.

முன்கடையில் யாரோ கால் கிலோ கேட்டார்கள். அவள் கணவர் காகிதத்தைச் சுருட்டும் சத்தம் கேட்டது.

“அப்பா,” என்றாள். “அப்பா கடைசி வரைக்கும் பிரியான்னு விளிச்சதே இல்ல. இஞ்ச வருவாரு. கடை நடையில நின்னுட்டு, சந்தை முழுக்கக் கேக்குத மாதிரி, ஏட்டி பறளி, வெள்ளம் கொண்டான்னு சத்தம் போடுவாரு. எனக்கு நாணமா இருக்கும். அப்பா பைய விளியுங்கன்னு சண்டை போடுவேன்.” முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “அவரு போனதுக்குப் பிறவு அந்தப் பேரை யாரும் சொல்லல்ல. இன்னைக்குத்தான்.”

பிறகு கையை நீட்டினாள். மகளைக் கொடுத்தேன். அவள் கையில் இன்னும் எண்ணெய் மினுங்கியது. மகள் அவளுடைய வளையலைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க வைக்கத்தான் போறீங்க,” என்றாள் என்னிடம். கேள்வியாக அல்ல.

“ஆமா.”

“அப்போ ஒண்ணு செய்யுங்க. இங்கிலீஷில எழுதும்போ ரெண்டு ஆர் போடுங்க. எனக்கு ஒரு ஆர் போட்டதுதான் தப்பாப் போச்சு. பிறவு, அது ஒரு ஆறுன்னு சின்னதிலேயே கொண்டுபோய்க் காட்டிக் குடுங்க. ஆரு என்ன சொன்னாலும் பதில் சொல்ல அவளுக்குத் தெரியணும். எனக்கு அது தெரியல்ல.” குனிந்து மகளின் காதருகே சொன்னாள்: “இல்லியா மக்கா?” பெயரை மட்டும் சொல்லவில்லை.

கிளம்பும்போது சரவணன் சிப்ஸுக்குக் காசு நீட்டினார். அவள் கணவர் வாங்க மறுத்துவிட்டார். அவள் ஆட்டோ வரை வந்தாள். ஆட்டோ கிளம்பிச் சந்தைக் கூட்டத்தில் நகர்ந்தபோது, பின்னாலிருந்து சத்தமாக, கூசாமல், “பறளி, போயிட்டு வா மக்கா,” என்று அவள் குரல் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். மீன் விற்கும் பெண்கள் இரண்டு பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை.

இரணியல் நிலையத்துக்கு முந்நூறு ரூபாய். ரயில் வர இன்னும் நேரமிருந்தது. மழை ஓய்ந்த நடைமேடையில் உட்கார்ந்தோம்.

“சந்தோஷமா இருக்கிற ஆளைக் காட்டச் சொன்னீங்க,” என்றேன். “என்னால முடியல. ஆனா நான் வைக்கத்தான் போறேன். அத்தைகிட்ட நானே பேசுறேன்.”

சரவணன் மகளை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். “எங்க கிளாஸ்ல அஞ்சு சரவணன்,” என்றார். “என்னை ஜே சரவணன்னுதான் கூப்பிடுவாங்க. என் பேரைப் பத்தி இதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசினதில்ல. அந்தப் பொண்ணு அவ பேரை விட்டுட்டா. ஆனா பேசும்போது பார்த்தியா, பாலம், அப்பா, ஆறு எல்லாம் அதுக்குள்ள இருந்துச்சு.” பிறகு, “அம்மாகிட்ட ரெண்டு பேரும் சேர்ந்தே பேசுவோம்,” என்றார்.

ரயில் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாகர்கோவிலைத் தாண்டியதும் மலைகள் கிட்டே வந்து, பிறகு பின்னால் போயின. ஊரை நினைத்துக்கொண்டேன். எங்கள் திருச்சியில் தெருவுக்கு ஒரு காவேரி உண்டு. காவேரி டீச்சர், காவேரி அக்கா, காய்கறிக் கடைக் காவேரி. ஏன் இந்தப் பெயர், என்ன பொருள் என்று யாரும் அவர்களை நிறுத்திக் கேட்டதில்லை. ஆனால் முதன்முதலில் ஒருத்தி தன் மகளுக்கு அதை வைத்தபோது, ஆற்றின் பெயரையா வைப்பார்கள் என்று அவளையும் நாலு பேர் கேட்டிருப்பார்கள். அவள் என்ன பதில் சொன்னாள் என்று நமக்குத் தெரியாது. வைத்தாள் என்பது மட்டும் தெரியும்.

மகள் விழித்துக்கொண்டு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பறளி,” என்றேன். அவள் திரும்பவில்லை. சரவணன் குனிந்து, அவர் பங்குக்கு ஒருமுறை கூப்பிட்டார். அப்போதும் அவள் மின்விசிறியையே பார்த்தாள். நான் மறுபடி கூப்பிட்டேன்.