அண்ணன் கல்லறையில் ஏன் பெயர் இல்லை

அண்ணன் போய் வருஷம் ஒன்று திரும்பிவிட்டது. நினைவுப் பூசைக்கு வரும் சொந்தங்களும் சிநேகிதர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: ஊருக்கெல்லாம் பெயர் எழுதியவரின் கல்லறைச் சிலுவையில் பெயர் இல்லையே, ஏன்? ஆளாளுக்குச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் இந்த நினைவு மலரில் எழுதிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது வேம்பாரில். அப்பா உப்பளத்தில் கால் வெந்தவர். அண்ணனின் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டைகளுக்குக் குறி எழுதப் போனவர், பிறகு வியாபாரிகளின் கட்டடங்களுக்குப் பெயர் எழுதலானார்.

எழுதுவது என்றால் தூரிகையை இழுப்பதல்ல. சுவர் எழும்பும்போதே எழுத்துக்கு இடம் விடச் சொல்வார். ஒவ்வோர் எழுத்தையும் அட்டையில் வெட்டி முகப்பில் குத்திவைத்து, வள்ளம் ஏறிக் கடலுக்குள் போய்த் திரும்பிப் பார்ப்பார். "ரோட்டுல நிக்கிறவன் கடைக்குள்ளயே வந்திருவாம்லே. தண்ணில வாரவனுக்குத்தான் எழுத்து வேணும்" என்பார். மேல் மாடி எழுத்துகளை நெட்டையாக வெட்டுவார். தரையில் வைத்தால் ஒட்டகம் மாதிரி இருக்கும். உயரத்தில் ஏற்றினால் லட்சணமாகிவிடும்.

யுத்த காலத்தில் அட்டை கிடைக்கவில்லை. கண்ட பெட்டியையும் கிழித்துச் சேர்த்து, பெரிதும் சின்னதுமாக ஒரு தகரப் பெட்டி நிறைய எழுத்து வெட்டினார். "சோத்துக்கு அரிசிதான் இல்ல, எழுத்துக்குக் கொறவில்ல" என்று மதினி சிரிப்பார்கள்.

அந்த எழுத்துகளைச் சுவரில் சுண்ணாம்புச் சாந்தால் புடைப்பாக எடுத்து நிறுத்தியவர் அண்ணனின் கூட்டாளிக் கொத்தனார். பெயர் வேண்டாம். எங்கள் குசினியில் உட்கார்ந்து அண்ணன் தட்டிலிருந்தே மீனை எடுத்துத் தின்றவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவர் தின்றது வேம்பார் உப்பு. சீக்கிரம் கரைந்துவிட்டது போலும்.

கடற்கரை ரோட்டில் ஒரு பஞ்சு வியாபாரி மூன்று மாடி எழுப்பினார். முகப்புக்காக அண்ணன் ஆறு மாதம் உழைத்தார். எழுத்து ஏற்ற வேண்டிய வாரம் அண்ணனுக்கு விஷக் காய்ச்சல். "பெட்டிய எங்கிட்ட குடும் அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்று தூக்கிப் போனார் கூட்டாளி. எல்லாம் தன் கைவேலை என்று, தன்னோடு மட்டுமே பேசிப் பழகிய வியாபாரியிடம் சொல்லிவிட்டார். அப்புறம் எழும்பிய கட்டடமெல்லாம் அவருக்கே போயின. பெட்டி திரும்பவில்லை.

எழுந்து நடந்த அன்றே அண்ணன் என்னோடு வள்ளம் ஏறினார். அந்த முகப்பை நெடுநேரம் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். "நல்லாத்தாம்லே நிக்கு" என்றார். அதன்பின் அந்த ரோட்டில் அவர் கால் வைக்கவில்லை. மறுபடி மூட்டைக்குக் குறி எழுதப் போனார். நெஞ்சுச் சளி முற்றி, படுத்த மூன்றாம் வாரம் கண் மூடினார்.

முப்பதாம் நாள் கூட்டாளி வந்தார். சிலுவையில் தானே பெயர் வெட்டித் தருவதாகச் சொல்லிக் காகிதத்தை விரித்தார். எல்லாம் அண்ணன் எழுத்து. ஆனால் இடுப்பளவுச் சிலுவைக்கு மூன்றாம் மாடி நெட்டை எழுத்து. எது எதற்கென்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியவில்லை.

"பெட்டியக் குடும். பேர நாங்க வச்சுக்கிடுதோம்" என்றேன்.

"பெட்டியக் குடுத்துட்டு நான் எப்படிப் பொழைக்க?" என்றார்.

உள்ளேயிருந்து மதினி கேட்டார்கள்: "அவுக எப்படிப் பொழச்சாகன்னு ஒருநாள் கேட்டீரா?"

அவர் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அண்ணனைத் தோளில் சுமந்த துறைமுகத் தொழிலாளர்களுக்கும், வள்ளத்துக்கு ஒரு நாளும் கூலி வாங்காத வள்ளக்காரருக்கும், படுக்கையில் பக்கத்திலிருந்த அண்டை வீட்டாருக்கும், இந்த மலரை அச்சிட்ட அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வேறு கை எழுத்தில் அண்ணன் பெயரை வைக்க மதினிக்கு மனமில்லை. பெட்டி வரும்வரை சிலுவை அப்படியே நிற்கும். இந்த மலரில் ஒரு பிரதி கூட்டாளி வீட்டுக்கும் போகிறது.