குமுதா மிஸ்ஸியின் பேச்சுத் தேர்வு

ஆங்கில 'ஈ' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால் ஒரு குறி வரும். அதைப் பார்த்தாலே குமுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உச்சரிப்பு அட்டையில் இருந்த மற்ற குறிகளோடு அவள் எப்படியோ ராசியாகிவிட்டாள். பக்கத்தில் இரண்டு புள்ளி இருந்தால் சத்தத்தை இழுக்க வேண்டும். வயிற்றில் கோடு போட்ட வட்டம் வந்தால் நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டிக் காற்றை விட வேண்டும். சரி, நீட்டித் தொலைக்கலாம். இந்தக் கவிழ்ந்த சனியனுக்கு மட்டும் வாயை என்ன செய்வது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

"வாயை ஒண்ணுமே செய்யாதீங்க," என்றார் சுகுமாறன் சார். "அதுதான் அந்தச் சத்தம். இங்கிலீஷ்ல அதிகமா வர்ற சத்தமே அதுதான்."

ஒன்றுமே செய்யாமல் சத்தம் எங்கிருந்து வரும்? கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் சாரின் ஆங்கில உச்சரிப்பு வகுப்பு. ஞாயிற்றுக்கிழமையானால் கிள்ளானிலிருந்து ரயில் ஏறிப் போய், படியேறி, கைக்கண்ணாடியை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஆவென்றும் ஈயென்றும் உட்கார்ந்திருப்பாள் குமுதா. கூடப் படித்ததெல்லாம் நேற்று கல்லூரி முடித்த பிள்ளைகள். நாற்பது தாண்டியவள் அவள் ஒருத்திதான். 'கம்ஃபர்டபிள்' என்று அவள் சொன்னால் சார் கண்ணை மூடிக்கொள்வார். "அந்த 'ஃபர்' எங்கேருந்து வந்துச்சு குமுதா? அதை விழுங்குங்க. பாதியை விழுங்கணும்."

விழுங்கு என்றால் விழுங்கிவிட முடிகிறதா? அவள் படித்தது கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளியில். எழுதியிருப்பதில் ஓர் எழுத்து வாய்க்குள் போனாலும் அங்கே முழங்காலுக்குக் கீழே பிரம்பு விழும். மலாய் மொழியும் அப்படித்தான், எழுதியிருப்பதைக் கூட்டிப் படித்தால் போதும். இப்படி இரண்டு நேர்மையான பாஷைகளோடு வளர்ந்தவளை உட்கார வைத்து, பாதி சொல்லை முழுங்கினால்தான் இங்கிலீஷ் என்றால் வயிறு எரியாதா?

எரிந்தாலும் விட முடியாது. கிள்ளானில் கடைவீட்டு மாடியில் நடக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்தில் குமுதா மூத்த தாதி. கிள்ளான் வழக்கில் மிஸ்ஸி. ஊசி போடக் கூடத் தெரியாமல் வந்த எத்தனையோ பெண்களை அவள்தான் பழக்கினாள். பழகியதும் ஒவ்வொருத்தியாக வெளிநாடு கிளம்பிப் போனார்கள். போன இடத்திலிருந்து பனியில் நின்று படம் அனுப்பினார்கள். பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்துவிட்டது. அவளும் விண்ணப்பித்தாள். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொண்டது. தாதியருக்கான ஆங்கிலத் தேர்வில் எழுத்து, வாசிப்பு, கேட்டல் எல்லாம் தேறிவிட்டாள். பேச்சு மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. உச்சரிப்பு தெளிவில்லை என்று இரண்டு தடவையும் ஒரே குறிப்பு. வருடக் கடைசிக்குள் தேறாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டான்.

"சுசா லா குமு, எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றான் அவள் கணவன் வாசு. மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். "நீ பேசுறது எனக்கு நல்லாத்தான் விளங்குது."

"உங்களுக்கு விளங்கி என்ன ஆகப்போகுது? பரீட்சை வைக்கிறவனுக்குல்ல விளங்கணும்!"

சோறு வடிக்கும்போதும் 'கம்ஃப்டபிள், கம்ஃப்டபிள்' என்று அவள் முனகுவதைக் கேட்டு, வீட்டில் யாருக்குமே கம்ஃப்டபிளாக இல்லை என்று சொல்லிவிட்டு வாசு தட்டை எடுத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பேச்சுத் தேர்வு என்பது ஒரு நாடகம். ஒருவர் நோயாளியாக நடிப்பார், தேர்வு எழுதுகிறவள் தாதியாகப் பேச வேண்டும். அதற்கு வீட்டில் பழகிப் பார்க்க ஆள் வேண்டும். வாசு நோயாளியாக நடித்தால் படுத்த இரண்டாவது நிமிடம் குறட்டை விட்டான். மையத்தில் கூட வேலை செய்யும் ஹபீபாவிடம் கேட்டாள். "எனக்குச் சிரிப்பு வருது அக்கா, நான் மாட்டேன்," என்றாள் அவள். அதைக் கேட்டுக்கொண்டு இயந்திரத்தோடு படுத்திருந்த தம்புசாமிதான் வாயைத் திறந்தார்.

"நடிக்க வேற ஆள் எதுக்கு மிஸ்ஸி? இங்க அசல் நோயாளியே படுத்திருக்கேன்."

தம்புசாமி போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஆறேழு வருடமாயிற்று. வாரத்துக்கு மூன்று நாள், காலை ஷிப்டில், நான்கு மணி நேரம் அவர் இரத்தத்தை இயந்திரம் கழுவும். அப்படி வருகிறவர்கள் மிஸ்ஸிக்கு உறவுக்காரர்கள் போலத்தான் ஆகிவிடுவார்கள். ஊசி குத்தும்போது அவர்களோடு ஊர்க்கதை பேசுவதுதான் குமுதாவின் வைத்தியமே. "அங்கிள், நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று தொடங்கினால் போதும். ரொட்டி சானாய், அதற்கு இரண்டு கரண்டி பருப்பு, மேலே ஒரு கிளாஸ் தே தாரேக் டீ என்று தம்புசாமி ஒவ்வொன்றாகக் கக்கிவிடுவார். உடம்பில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கும், எப்போது கால் இழுக்கும், எப்போது தலை சுற்றும் என்று அந்தப் பேச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். "ஒரு கிளாஸ்தான் குடிச்சேன்," என்று அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னால் மூன்று கிளாஸ் என்று அர்த்தம். திட்டுவாள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

ஒத்திகை ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கதையெல்லாம் நின்றுபோனது. சுகுமாறன் சார் கொடுத்த உரையாடல் தாளில் நோயாளியின் பங்கைத் தமிழெழுத்தில் எழுதித் தம்புசாமியிடம் கொடுத்தாள் குமுதா. தன் பங்குக்குரிய ஒலிக்குறிகளை வெள்ளைப் பிளாஸ்திரியில் எழுதி இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டாள். மனிதர் அதை எவ்வளவு பெரிய வேலையாக எடுத்துக்கொண்டார் தெரியுமா! வீட்டிலிருந்தே பாடம் பண்ணிக்கொண்டு வந்தார். சட்டைகூட இஸ்திரி போட்டது.

"ஹவ் ஆர் யூ ஃபீலிங் திஸ் மார்னிங், மிஸ்டர் தம்புசாமி?" என்பாள் அவள், பிளாஸ்திரியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு.

"ஐ ஆம் ஃபீலிங் மச் பெட்டர், தேங்க் யூ," என்பார் அவர், ராணியின் முன்னால் நிற்கிறவர் மாதிரி.

உடனே அவள் நிறுத்திவிடுவாள். 'மார்னிங்' சரியாக வரவில்லை, மறுபடியும் முதலிலிருந்து. அவரும் அலுக்காமல் மறுபடி மச் பெட்டர் என்பார். பக்கத்துப் படுக்கைச் சீனக் கிழவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாள் போகப் போகக் குமுதாவின் நாக்கு திரும்பத்தான் செய்தது. ஆனால் ஒன்று திருந்தினால் இன்னொன்று கெட்டது. ஈயை இழுக்கப் போனால் கவிழ்ந்த ஈ மறந்துபோகும், அதைப் பிடித்தால் நாக்கை நீட்ட மறந்துவிடும். கழுத்தறுப்பு! பிளாஸ்திரியைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, மறுநாள் வேறு பிளாஸ்திரி ஒட்டினாள்.

தேர்வு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை கடைசி ஒத்திகை. எடை பார்த்ததில் தம்புசாமிக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும் என்று இயந்திரத்தில் வைத்துவிட்டு ஹபீபா அடுத்த படுக்கைக்குப் போனாள். இரண்டு மணி நேரம் ஓடியபின் குமுதா வந்து நின்றாள்.

"ஹவ் ஆர் யூ ஃபீலிங் திஸ் மார்னிங், மிஸ்டர் தம்புசாமி?"

"ஐ ஆம் ஃபீலிங் மச் பெட்டர், தேங்க் யூ."

"ஆர் யூ கம்ஃப்டபிள்?"

வந்துவிட்டது! எந்த எழுத்தும் முட்டாமல், விழுங்க வேண்டியதை விழுங்கி, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவளுக்கே நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், அப்போதும் வந்தது. தம்புசாமி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, "யெஸ், வெரி கம்ஃப்டபிள்," என்றார். அவர் நெற்றியில் வேர்வை கோத்திருந்தது. குளிர்சாதன அறையில் வேர்வையும் கொட்டாவியும் சேர்ந்து வந்தால் என்ன அர்த்தம் என்று புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறவள் அவள். அன்றைக்கு அது கண்ணில் பட்டும் மனசில் பதியவில்லை. நாளைக்கும் இதே மாதிரி வர வேண்டும் கடவுளே என்று நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா! அங்கிளப் பாருக்கா!" என்று கத்தினாள் ஹபீபா.

தம்புசாமியின் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கண் மேலே சொருகிக் கிடந்தது. இரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விட்டது. அப்புறம் குமுதாவின் கை தானாக வேலை செய்தது. படுக்கையின் தலைப்பக்கத்தை இறக்கிக் காலைத் தூக்கினாள், தண்ணீர் எடுப்பதை நிறுத்தினாள், உப்புநீரைத் திறந்துவிட்டாள். "அங்கிள்! அங்கிள், இங்க பாருங்க! என்னைப் பாருங்க!" என்று கன்னத்தைத் தட்டினாள். எந்த உச்சரிப்பும் அப்போது அவள் வாயில் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் விழித்தார். முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தலை சுத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாதா உங்களால? வாயில என்ன கொழுக்கட்டையா? நான் பக்கத்துலதான நிக்கிறேன்!"

"காலையில எந்திரிச்சதுலருந்தே சுத்துச்சு மா," என்றார் தம்புசாமி மெதுவாக. "ஆனா அது பேப்பர்ல இல்லயே."

குமுதா மறுபடி அவர் இரத்த அழுத்தத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு உனக்குப் பரீட்சை. நடுவுல நான் ஏதாச்சும் சொல்லி உன் பாடத்தைக் கெடுத்துறக் கூடாதுன்னு பார்த்தேன்," என்றார் அவர். "இப்ப ஒரு மாசமா அப்படித்தான். சமாளிச்சுக்குவேன்."

ஒரு மாதமாக! ஹபீபா குமுதாவின் முகத்தைப் பார்க்காமல் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை கோலாலம்பூரில் தேர்வு அறைக்குள் போனபோது குமுதாவுக்கு ஒலிக்குறியெல்லாம் ஒப்பிக்கத் தெரிந்திருந்தது. எதிரே நோயாளியாக நடிக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கையில் கொடுத்த அட்டையில், அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் நோயாளிக்குக் காயத்தை எப்படிக் கழுவ வேண்டும், மாத்திரையை எப்போது போட வேண்டும், மறுபடி என்றைக்கு வர வேண்டும் என விளக்கிச் சொல்லும்படி எழுதியிருந்தது. கொடுத்தது ஐந்து நிமிடம். எப்படி இருக்கிறது என்று குமுதா அழகாகக் கேட்டாள். நன்றாக இருக்கிறேன், நன்றி என்றார் அந்தப் பெண்மணி.

அவ்வளவுதான். அந்தப் பதிலைத் தாண்டிப் போக அவளால் முடியவில்லை. நிஜமாகவா என்று கேட்டாள். தலை சுற்றுகிறதா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், ராத்திரி தூங்கினீர்களா, என்னிடம் மறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டே போனாள். பெண்மணி தன் தாளைப் புரட்டிப் பார்த்தார். அதில் எதுவும் இல்லை போலிருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றே மறுபடி மறுபடி சொன்னார். காயத்தைப் பற்றிக் குமுதா வாயைத் திறந்தபோது நேரம் முடிந்துவிட்டது. இது நடிப்பு, அந்தப் பெண்மணிக்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் வாய் கேட்கவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது தன்னைத்தானே நாலு அறை அறையலாம் போலிருந்தது அவளுக்கு.

முடிவு வந்தது. உச்சரிப்பு தெளிவாக இருந்தது என்று முதல்தடவையாகக் குறிப்பு வந்திருந்தது. கேட்ட விஷயத்தை நோயாளிக்கு விளக்கவில்லை என்று மதிப்பெண் போயிருந்தது. ஃபெயில். இத்தனை ஞாயிறு ரயிலேறியது எல்லாம் எதற்கு? ஏஜெண்டின் எண்ணைப் போனில் எடுத்துப் பார்த்தாள். கூப்பிட மனம் வரவில்லை. வாசு கடைக்குப் போய் அவளுக்கு மீ கோரேங் நூடுல்ஸ் கட்டிக்கொண்டு வந்தான். அவள் அதைத் தொடவில்லை.

மறுநாள் தம்புசாமி படுக்கையில் சாய்ந்ததும் முதல் கேள்வியாகக் கேட்டார். "ரிசல்ட் வந்துருச்சா மிஸ்ஸி?"

"ஃபெயில் அங்கிள்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "நான் அன்னைக்கு மயக்கம் போட்டிருக்கக் கூடாது," என்றார். "நல்லா போய்க்கிட்டிருந்துச்சு. எல்லாத்தையும் நான்தான் கெடுத்தேன்."

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பேசாம கையை நீட்டுங்க!" என்று சீறினாள் குமுதா. மயக்கம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்கிற மனிதரை என்ன செய்வது? அவர்மேல் எரிச்சல் வந்தது, பரீட்சைமேல் வந்தது, எல்லாவற்றுக்கும் மேல் தன்மேலேயே வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று குனிந்து அவர் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள்.

"எப்படி இருக்கு உடம்பு?" என்று கேட்டாள்.

தம்புசாமி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"நீ எதுல கேக்குற மா?" என்றார். "இங்கிலீஷ்ல கேட்டா நல்லா இருக்கேன். தமிழ்ல கேட்டா, ராத்திரி பூரா தூங்கல."