கதவைச் சுற்றிய புது ரப்பர்

சேலம் சூரமங்கலத்தில் இன்பமேரியைத் தெரிந்தவர்களுக்கு அவளுடைய பயத்தையும் தெரியும். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கும் தையல்காரி. மெஷினில் உட்கார்ந்துவிட்டால் கை நடுங்காது. எழுந்தால்தான் தொல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். காஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் ஞாயிறு பூசையின் நடுவே எழுந்து வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் கொட்டாவி விடுகிறாரா என்று அவர் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பாள். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், காது அடைக்கும். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இதயத்தில் ஒரு குறையுமில்லை, இது வெறும் பயம் என்று சொல்லி ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். படபடப்பு வந்தால் பாதி போட்டுக்கொள்ளச் சொன்னார்.

கணவர் வின்சென்ட் நேர் எதிர். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவள் எதற்காவது பதறினால் "இந்தா, மேரிக்கு அபாயச் சங்கு ஊதிருச்சு" என்று சிரிப்பார். அவருடைய சிரிப்பைக் கேட்டால் அவளுக்கும் பாதிப் பயம் இறங்கிவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு வின்சென்டுக்கு ஊர் சுற்றும் ஆசை வந்தது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையில் சொல்லி, தம் ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சின்ன டிரெய்லர் ஒன்றைச் செய்துகொண்டார். உள்ளே இரண்டு பேர் படுக்க ஒரு கட்டில், அலமாரி, கை கழுவத் தொட்டி. பக்கத்துக்கு ஒன்றாகத் திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். காற்று வரக் கூரையில் ஒரு மூடி. ஏறி இறங்கப் பின்பக்கம் ஒரே கதவு. அதில் வேளாங்கண்ணிக்கும் ஏற்காட்டுக்கும் போய் வந்தார்கள். இன்பமேரிக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, நின்றுகொண்டிருக்கும்போது.

போன ஐப்பசியில் பரமத்தி வேலூருக்குப் புறப்பட்டார்கள். அங்கே நாச்சிமுத்து என்பவருக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. ஒரு காலத்தில் வெற்றிலைக் கட்டுகளை ரயிலில் அனுப்ப வந்து வின்சென்டுக்குப் பழக்கமானவர். கொடிக்கால் ஓரம் வாய்க்கால் பக்கத்தில் டிரெய்லரை நிறுத்திக்கொண்டு ஒரு வாரம் தங்கலாம் என்று ஏற்பாடு.

ராசிபுரம் தாண்டியதுமே பின்னாலிருந்து படபடவென்று ஒரு சத்தம். வேகம் கூடினால் சத்தமும் கூடியது.

"என்னங்க, வண்டிய நிறுத்துங்க. ஏதோ பிச்சுக்கிட்டுப் போகுது."

இறங்கிப் பார்த்தார்கள். கதவுச் சட்டத்தைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங், வெயிலில் காய்ந்து வெடித்து, மேல்மூலையிலிருந்து கழன்று தொங்கியது. காற்றில் அதுதான் தகரத்தில் அடித்திருக்கிறது. கதவு மூடிய பிறகும் இடுக்கில் விரல் போகும் அளவுக்குச் சந்து தெரிந்தது. உள்ளே மெத்தையெல்லாம் செம்மண் தூசி.

"ரப்பர்தான் மேரி. சக்கரம் ஒண்ணும் கழண்டு போகலை."

"மழை வந்தா மெத்த நனஞ்சிரும். இந்தச் சந்துல பாம்பே வரலாம்."

நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடையில் நிறுத்தி அளந்து பீடிங் வாங்கினார்கள். மஞ்சள் பசை ஒரு டப்பாவும் வாங்கினார்கள். "ஒட்டுனதுக்கு அப்புறம் ஒரு நாள் முழுக்கக் கதவத் தெறந்தே வெச்சிருங்க. ஈரப் பசையில சாத்துனா கதவு சட்டத்தோட ஒட்டிக்குமுங்க" என்றார் கடைக்காரர்.

மறுநாள் காலை கொடிக்கால் ஓரத்தில் இன்பமேரி வேலையைத் தொடங்கினாள். வின்சென்டுக்கு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க வராது. பழைய ரப்பரைப் பிடித்து இழுத்தபோது பாதி கையோடு வந்தது. மீதி சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கத்தியின் முதுகால் சுரண்டி, தின்னர் தொட்ட துணியால் துடைத்தாள். புது ரப்பரை இழுத்து ஒட்டினால் பின்னால் சுருங்கி மூலையில் வாய் திறந்துகொள்ளும். சட்டைக் கழுத்துக்குப் பட்டி வைப்பதும் அப்படித்தான் என்பதால் அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூலைகளில் உட்பக்கம் சின்ன வெட்டுக் கொடுத்து வளைத்தாள். பசையைத் தாராளமாகவே பூசினாள். மறுபடி கழன்றுவிடுமோ என்று பயம். கண்ணாடிகளைச் சுற்றிய ரப்பரை ஆனி மாதமே வீட்டில் வைத்து மாற்றியிருந்தாள். கூரை மூடி ஒழுகுகிறது என்று வின்சென்ட் பாலிதீன் போட்டு டேப் சுற்றியிருந்தார்.

மத்தியானம் வின்சென்ட் ஆற்றங்கரையில் ஜிலேபி மீன் வாங்கி வந்தார். இரும்புக் கரியடுப்பைக் கதவுக்கு முன்னால் வைத்துப் பற்றவைத்தார். கரி கனிந்து சிவந்து, மீனைக் கம்பி வலையில் வைக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாரல் இல்லை, கொட்டு மழை. நாச்சிமுத்து உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார்.

"ஏனுங்க, இந்த மழ இப்பத்திக்கு நிக்காதுங்க. ஊட்டுக்கு வாங்க, காளியாத்தா சோறாக்கி வெச்சிருக்கறா."

"மீன் இருக்குது நாச்சிமுத்து. சுட்டு எடுத்துக்கிட்டு நாங்களே வாரோம், நீங்க போங்க" என்றார் வின்சென்ட். நாச்சிமுத்து போய்விட்டார். வின்சென்ட் அடுப்பின் காதுகளைத் துணியால் பிடித்துத் தூக்கி, டிரெய்லருக்குள் தொட்டிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்.

"ஐயோ, உள்ளயா?"

"புகையே இல்லை பாரு. எல்லாம் தணல். துணியும் காயும், குளிருக்கும் நல்லாயிருக்கும்."

உண்மைதான், கொஞ்சம்கூடப் புகை இல்லை. தணல் அழகாக இருந்தது. காற்று திரும்பி மழையைக் கதவு வழியாக நேராகக் கட்டிலில் அடித்தது. கடைக்காரர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் மெத்தை நனைகிறதே என்று கதவை இழுத்துச் சாத்தினாள்.

ஒரு பொட்டு நீர்கூட உள்ளே வரவில்லை. மழைச் சத்தமே எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது. "டப்பா மாதிரி அடச்சுட்டே மேரி. நாமக்கல்காரன் தோத்தான்" என்றார் வின்சென்ட். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மீன் வெந்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் அவளுக்குக் குமட்டியது. நெற்றிப் பொட்டில் ஒரு வலி ஆரம்பித்தது. நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. காது அடைத்தது. எல்லாம் அவளுக்குப் பழக்கமானவைதான். முட்டாளே, இப்போது என்ன வந்தது உனக்கு, மழைதானே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கைப்பையைத் திறந்து பாதி மாத்திரையை விழுங்கினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தாள். அருள்நிறை மரியே சொல்லும்போது பாதியில் வார்த்தை மறந்தது. சிறுவயதிலிருந்து சொல்லி வருவது. திரும்பத் தொடங்கினாள். மறுபடி அதே இடத்தில் நின்றது.

"என்னங்க, எனக்கு என்னமோ பண்ணுது."

வின்சென்ட் கட்டிலில் சாய்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது.

"என்னங்க. பயமா இருக்குதுங்க."

"ம்" என்றார்.

அவள் காத்திருந்தாள். சங்கு ஊதிருச்சு என்று அவர் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அவள் பயமாயிருக்கிறது என்று சொல்லி அவர் சும்மா இருந்ததே இல்லை. இன்பமேரிக்கு இதுவரை பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்பது போல ஒரு பயம். அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகத் துவண்டது. வாயோரத்தில் மீனும் எச்சிலுமாக வழிந்திருந்தது.

கதவைத் திறக்க எழுந்தாள். முழங்கால் மடிந்து தரையில் விழுந்தாள். தவழ்ந்து போய்க் கைப்பிடியைத் திருகித் தள்ளினாள். கதவு அசையவில்லை. பசை பிடித்துக்கொண்டுவிட்டது. அவள் தாராளமாகப் பூசிய பசை. தோளால் முட்டினாள். கூப்பிடப் பார்த்தாள், குரல் ஈனஸ்வரமாக வந்தது, வெளியே மழை இரைந்தது. கண்ணுக்கு முன்னால் கருப்பாகப் புள்ளிகள் பறந்தன. அப்படியே தரையில் தலையைச் சாய்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. சுகமாக இருக்கும் என்றும் தோன்றியது. அந்த எண்ணம்தான் அவளை உலுக்கியது; பயத்தில் ஒருநாளும் அவளுக்குத் தூக்கம் வந்ததில்லை.

மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் மடக்கி, கைப்பிடியைக் கையால் எட்டித் திருகிப் பிடித்துக்கொண்டு, கதவின் கீழ்ப்பகுதியில் உதைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி உதைத்தாள். கெட்டித்துணி கிழிவது போலக் கீழ்மூலையில் ரப்பர் பிய்ந்தது. குளிர்ந்த காற்று காலில் பட்டது. அவள் அழுதுகொண்டே உதைத்தாள். கதவு திடீரென்று திறந்துகொள்ள, இடுப்பு வரை மழைக்குள் சரிந்து சேற்றில் விழுந்தாள்.

மூச்சு வந்தது. ஆனால் அவர் உள்ளே கிடக்கிறார். திரும்ப உள்ளே போனால் வெளியே வரமாட்டோம் என்று உடம்பு முழுவதும் சொன்னது. அவள் போனாள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு போய், அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். கட்டிலிலிருந்து தரைக்குத்தான் வந்தார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வாசலுக்கு வந்து அலறினாள். இந்தத் தடவை குரல் வந்தது.

நாச்சிமுத்துவின் மனைவி காளியாத்தாளுக்குத்தான் முதலில் கேட்டது. "யாரோ கத்தறாங்க, ஓடுங்க ஓடுங்க" என்று அவர் கணவரை விரட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். நாச்சிமுத்து உள்ளே தாவி, வின்சென்டின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வெளியே போட்டார். மழை அவர் முகத்தில் விழுந்தது. இமை அசையவில்லை.

"மூச்சு இருக்குதுங்களா? சொல்லுங்கண்ணா, இருக்குதா?"

நாச்சிமுத்து வின்சென்டின் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார். மழையில் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சில் காதை வைத்தார். வெகு நேரம் வைத்திருந்ததாக இன்பமேரிக்குத் தோன்றியது. "இருக்குதுங்க" என்றார். "அழுகாத அம்மிணி, இருக்குது" என்று காளியாத்தாள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் மண்பாதையில் வர முடியாமல் தார் ரோட்டில் நின்றது. கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் வின்சென்டுக்கு முகமூடி மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள்; பக்கத்துப் படுக்கையில் அவளுக்கும். இளவயது டாக்டரம்மா வந்து விளக்கினார். அடைத்த இடத்தில் கரி எரிந்தால் ஒரு விஷவாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வந்திருப்பது தெரிவதற்குள் ஆளைச் சாய்த்துவிடும்.

"நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கலைங்க டாக்டர். பயந்தேன்" என்றாள் இன்பமேரி.

வின்சென்ட் மறுநாள் கண் விழித்தார். அவளைத் தெரிந்தது. தாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது தெரியவில்லை. சேலம் வீட்டுக்கு வந்த பிறகும் பல வாரங்கள் பேச்சின் நடுவே வார்த்தை தேடி நின்றார். தேங்காய் என்று சொல்ல வராமல் கையால் உருட்டிக் காட்டினார். அந்த நாட்களில் அவள் தைக்க உட்கார்ந்தால் மெஷினை அடிக்கடி நிறுத்திவிட்டு, உள்ளறையில் அவர் மூச்சு விடும் சத்தம் வருகிறதா என்று கேட்பாள்.

"நாந்தானே எல்லாத்தையும் அடச்சேன்" என்று ஒருநாள் அவரிடம் உடைந்து அழுதாள்.

"கரிய உள்ள தூக்கிட்டு வந்தது நீயா?" என்று மெதுவாகக் கேட்டார் அவர்.

தை மாதம் நாச்சிமுத்து டிரெய்லரை டிராக்டரில் மாட்டி நாமக்கல் பட்டறைக்குக் கொண்டுவந்து விட்டார். வின்சென்ட் இன்னும் ஜீப் ஓட்டத் தொடங்காததால் இருவரும் பஸ்ஸில் போனார்கள். சுவரின் மேல்பக்கம் இரண்டு, கீழ்பக்கம் இரண்டு என்று மூட முடியாத காற்றுத் துளைகள் வெட்டச் சொன்னார் வின்சென்ட். ஜன்னல்களைத் தள்ளித் திறக்கும்படி மாற்றச் சொன்னார். வெட்டியதும் உள்ளே ஏறிப் பார்த்து அவளைக் கூப்பிட்டார்.

இன்பமேரி படியில் ஏறினாள். வாசலிலேயே உட்கார்ந்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் கீழே மண்ணில். பட்டறையில் யாரோ தகரம் அறுக்கும் சத்தம் காதைக் கிழித்தது.

"காத்து வருதா மேரி?"

"வருது" என்றாள். அதற்கு மேல் உள்ளே போகவில்லை. அவரும் வற்புறுத்தாமல், இறங்கி வந்து அவள் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.