ரவியை மட்டும் அனுப்பாதேயும்

அந்தச் செவ்வாய்க்கிழமை தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் அம்மா இருந்தார். செவ்வாய்தோறும் கடன் வசூலிக்க வருபவர் இருந்தார். அக்கம்பக்கத்தார் எல்லோரும் இருந்தார்கள். நான் இல்லை. உள்ளே கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

"மகன் எங்கம்மா? படிச்ச புள்ளயாமே, காசு கட்ட மட்டும் படிக்கலயா?"

"புள்ள அட்டன் டவுனுக்குப் போயிருக்குங்க சேர்."

எனக்காக அம்மா பொய் சொன்னார். அந்தக் கடன் எண்பதாயிரம் ரூபாயும் என் கம்ப்யூட்டர் படிப்புக்கு அவர் வாங்கியது. முப்பத்தோராயிரம் கட்டியதோடு நின்றுவிட்டது. "இனி நீ கொழுந்து பறிக்கிற மலைக்கே வருவேன்" என்று வந்தவர் சொல்லிப் போனதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

விசுவாசிகளே, என்னை அதைவிட வாட்டியது பக்கத்து வீட்டு ரவி. எட்டாம் வகுப்போடு நின்று, கொழும்பில் ஹார்ட்வெயார் கடைக்குப் போனவன். அவன் வீட்டிலும் இதே கடன். லீவில் வந்தவன் சிங்களத்தில் பேசியே தவணையைக் குறைத்துக்கொண்டான். சபையில் எழுந்து சாட்சியும் சொன்னான். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். என் உதடு அசைந்தது, வயிறு எரிந்தது. எங்கள் குடும்பத்தில் ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். ஆண்டவர் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்ப்பானேன்?

அவனால் முடிந்தது என்னால் முடியாதா என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு பூண்டுலோயா டவுனில் உள்ள, கடன் கொடுத்த கம்பனிக்குப் போனேன். தவணையைக் குறைக்கும் பத்திரம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். முழுக்கச் சிங்களம். தெரியாது என்று சொல்ல வெட்கம். வாசிப்பதுபோல் விரலை ஓட்டினேன். ஒப்பமிட்டேன். அம்மாவையும் போடச் சொன்னேன்.

தவணை குறைந்தது உண்மைதான். ஆனால் வட்டியும் தண்டப்பணமும் சேர்ந்து, மிச்சக் கடன் ஒரு லட்சத்து முப்பதாயிரமாகியிருந்தது.

"நீ வாசிச்சுப் பாத்துத்தானே தம்பி போடச் சொன்ன?" அம்மா கேட்டது அவ்வளவுதான்.

முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, உதவிக்கு யாரையாவது அனுப்பும். ரவியை மட்டும் அனுப்பாதேயும்." மூன்று நாளும் இதே ஜெபம்.

நான்காம் நாள் காலையில் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால், அங்கே பல் துலக்கிக்கொண்டு நிற்கிறான், மறுபடி லீவில் வந்த ரவி. வேறு யாரும் வரவில்லை. தாளை அவனிடம் கொடுத்தேன்.

"என்னடா புரொபசர், கையெழுத்து மட்டும் சோக்கா போட்டிருக்க!" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும், "சரி வா, போவோம்" என்றான்.

கம்பனியில் ரவி பேசியதை மெனேஜர் நம்பவில்லை. ஏ.எல். படித்தவனா தெரியாமல் ஒப்பமிடுவான்? தாளை என்னிடம் நீட்டி, வாசி என்றார். பக்கத்தில் ரவி.

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது சேர்."

 விளங்காமல் போட்ட ஒப்பம் என்று மெனேஜர் அந்தத் தாளை எடுத்து அப்பால் வைத்தார். தண்டப்பணம் தள்ளுபடியானது. மாதம் மூவாயிரத்து ஐந்நூறு, இருபத்துநான்கு மாதம் என்று முடிவானது. திரும்பும்போது பிளேன்டீக்கும் ரவியே காசு கொடுத்தான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் நான் ஒளியவில்லை. ரவி லீவில் வரும்போதெல்லாம் அவனிடமே சிங்கள எழுத்துப் படித்தேன். வயிறு இன்னும் எரிகிறதுதான். அதையும் மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்கிறேன். நீங்களும் அவரிடம் உதவி கேளுங்கள். யார் வழியாக என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

போன மாதம் கடன் முடிந்தது. கடைசி ரசீதும் சிங்களம்தான். விரலை வைத்து, இந்த முறை உண்மையாகவே, கட்டிய மொத்தத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்: ஒரு லட்சத்துப் பதினையாயிரம் ரூபாய்.