அப்பா பெயரில் ஒரு முகவரி

என் அக்கா ழிசெலுக்கு, ஊர்வாயில் ஜிசேலுவுக்கு, காரைக்காலில் ஓர் ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்று அவள்தான் சொல்வாள். பாரதியார் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு மேசை, கம்ப்யூட்டர், பிரிண்டர், காத்திருப்பவர்களுக்குச் சில பிளாஸ்டிக் நாற்காலிகள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் காகித வேலைகளைச் செய்துகொடுப்பது அவள் தொழில். பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கும் வயதானவர்கள், தாங்கள் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் சான்று அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அதைக் கேட்டு வரும் கடிதம் முன்பெல்லாம் தபாலில் வந்தது. பிறகு மெயிலில் வர ஆரம்பித்தது.

அங்கேதான் சிக்கல். மெயில் முகவரி கேட்டால் இவர்கள் மகனுடையதையோ மருமகனுடையதையோ எழுதிக் கொடுப்பார்கள். மகன் வேறு வேலைக்குப் போய் அந்த முகவரியை விட்டுவிடுவான். கடிதம் எங்கோ கிடக்கும். இங்கே வங்கியில் பணம் வராது. அக்கா அதற்கு ஒரு வழி செய்தாள். எங்கள் அப்பா ஆல்போன்ஸ் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி, ஏற்பாடு செய்து, தன்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு மெயில் பெட்டி போட்டுக் கொடுத்தாள். காலையில் ஆபீஸ் திறந்ததும் முதல் வேலை எல்லாப் பெட்டிகளையும் பார்ப்பது. பார்த்துவிட்டுப் போனை எடுப்பாள்.

"ராஜம்மா, இன்னும் உசுரோட இருக்கீங்களான்னு கேட்டு எழுதியிருக்கான். என்ன சொல்லட்டும்?"

"இருக்கேன்னு சொல்லு. முட்டி வலிய மட்டும் தனியா எழுது."

ராஜம் கோட்டுச்சேரிக்காரர். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். வருஷத்துக்கு ஒருமுறை இந்த உரையாடல் மாறாமல் நடக்கும். இருவரும் முதல்தடவை மாதிரியே சிரிப்பார்கள்.

டொமைனைக் காசு கட்டி வாங்கியது பிரான்சில் இருக்கும் தம்பி ஸ்டெஃபான். எங்களைப் போன்ற வீடுகளில் இது வழக்கம். வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கட்ட வேண்டியது எதுவானாலும் பிரான்சில் இருக்கும் பிள்ளையின் கார்டில் கட்டிவிடுவோம். விமான டிக்கெட்டும் அப்படித்தான், டொமைனும் அப்படித்தான். அவன் கார்டு என்பதால் அவன் பெயர், அவன் மெயில் என்று எல்லாம் அவனுடையதாகவே பதிவாகிவிடும். யாரும் அதைப் பற்றி இரண்டாம் தடவை யோசிப்பதில்லை. அவன் ஊருக்கு வரும்போது வடகமும் கருவாடும் கட்டிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது.

அம்மா இறந்தபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். நான் நடுவில் பிறந்தவள், எனக்கு என் படிப்பே பெரிதாக இருந்தது. அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததும், பிரெஞ்சு வினைச்சொற்களை ஒப்பிக்கவைத்ததும், தப்புக்குத் தலையில் குட்டியதும் அக்காதான்.

போன வருஷம், மெயில் பெட்டிகளை வைத்திருந்த பழைய ஹோஸ்டிங் கம்பெனி அவளைப் படாத பாடு படுத்தியது. பெட்டி நிறைந்துவிட்டது என்று கடிதங்கள் திரும்பிப் போயின. வேறு கம்பெனிக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அலாவுதீனை அழைத்தாள். நானும் அன்று ஆபீசில் இருந்தேன்.

"வாடகை வீடு மாத்துற மாதிரிதாங்க்கா," என்றார் அவர். "புது எடத்துல அதே பேர்ல பெட்டியெல்லாம் போடணும். பழைய மெயில காப்பி பண்ணணும். அப்புறம் டொமைன அந்தப் பக்கம் திருப்பிவிடணும். எல்லாம் சரியா வருதான்னு பாக்குற வரைக்கும் பழசை மூடக் கூடாது. ஆமா, டொமைன் யாரு பேர்ல இருக்கு?"

"தம்பி பேர்ல."

"அப்ப மொதல்ல உங்க பேருக்கு மாத்தி வாங்கிடுங்க. மத்ததெல்லாம் சின்ன வேலை."

அக்கா சிரித்தாள். "நான் குளிப்பாட்டிவிட்ட பையன்கிட்ட எழுதி வாங்கச் சொல்றீங்களா?"

"குளிப்பாட்டுனதுக்கு ரசீது இருக்காக்கா?"

மூன்று பேருமே சிரித்தோம்.

அன்று மாலை அவள் ஸ்டெஃபானிடம் பேசினாள். அவன் குரலில் அவ்வளவு அக்கறை. "நீ ஏன்க்கா கடைக்காரங்கிட்ட அலையுற? பாஸ்வேர்டெல்லாம் எனக்கு அனுப்பு. இங்க நல்ல கம்பெனி இருக்கு, நானே மாத்திடுறேன். நீ சும்மா இரு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த அவள் முகத்தில் பெருமை தெரிந்தது. பாஸ்வேர்டுகளை மட்டும் அனுப்பினால் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. புது இடத்தில் ஏதாவது தவறினால் தம்பி யாரிடம் எப்படிப் பேசுவான்? ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதினாள். இவருக்குக் காது கேட்காது, மகளிடம் பேசு. இவருக்குப் பிறந்த தேதி இரண்டு காகிதத்தில் இரண்டு விதமாக இருக்கும், பதறாதே. இந்த அம்மாவிடம் முட்டி வலியை விசாரித்துவிட்டுப் பேச்சை ஆரம்பி. பல வருஷம் சேர்த்து வைத்த அறிவு முழுவதையும் தட்டச்சு செய்து அவனுக்கு அனுப்பிவைத்தாள்.

அடுத்த சில நாட்களில் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்காமல் போயின. பாஸ்வேர்டு தவறு என்றது கம்ப்யூட்டர். ஸ்டெஃபானிடம் கேட்டாள்.

"டொமைன் மாறுனா உலகம் பூரா பரவ நேரமாகும்க்கா. பொறு."

அவள் பொறுத்தாள். அந்த வாரம் முடிந்தும் திறக்கவில்லை. அலாவுதீனிடம் கேட்டபோது, "பரவுறதுக்கு ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள். பரவாட்டி பெட்டி கெடைக்காது, சரி. பாஸ்வேர்டு எப்புடித் தப்பாவும்?" என்றார். அக்காவுக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. "அவரு கைக்கு வேலை வரலேன்னு பேசுறாரு," என்றாள் என்னிடம்.

ராஜம் கோட்டுச்சேரி பஸ்ஸில் வந்து இறங்கியது அதற்குப் பிறகுதான். மாடிப்படி ஏறிய மூச்சு இரைப்போடு வாசலிலேயே நின்று அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏண்டி ஜிசேலு, ஆபீச மூடிட்டேன்னாங்க. தொறந்துல்ல இருக்கு?"

"யாரு சொன்னா?"

"ஓந்தம்பிதான் போன் பண்ணுச்சு. அக்காவுக்கு முடியல, இனிமே எல்லாம் நான்தான் பாக்குறேன், எங்கிட்டயே பேசுங்கன்னுச்சு. எம்புட்டு நல்ல புள்ள! எடுத்த எடுப்புலயே முட்டி வலி எப்புடி இருக்குன்னு கேட்டுச்சே."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். ராஜம் உட்கார்ந்ததும், "இப்ப எப்புடி இருக்கு முட்டி?" என்று கேட்டாள். குரல் வழக்கம் போலத்தான் இருந்தது.

ராஜம் போன பிறகு ஸ்டெஃபானை அழைத்தாள். நான் கேட்க வேண்டும் என்றே ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீயும் எத்தன நாளைக்குத்தான்க்கா பாப்ப?" என்றான். "இங்க ஆபீஸ் போட்டிருக்கேன். அது அப்பா பேரு. அத நான்தானே எடுத்துட்டுப் போகணும்? ஒனக்கும் ஏதாவது அனுப்புறேன்."

"நான் பாஸ்வேர்டுதான் கேட்டேன் தம்பி. இது சான்று கேட்டு எழுதுற மாசம்."

"அதெல்லாம் இப்ப கம்பெனியோடது."

டொமைன் சட்டப்படி அவனுடையது. அலாவுதீன் அதை உறுதிப்படுத்தினார். ரசீதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. அக்கா பெயரிலேயே புதிதாக ஒரு டொமைன் வாங்கி, எல்லாருக்கும் புதுப் பெட்டிகள் போட்டுக் கொடுத்தார். ஆனால் பிரான்சில் இருக்கும் பென்ஷன் அலுவலகத்துக்குப் பழைய முகவரிதான் தெரியும். அதை மாற்றச் சொல்லி ஒவ்வொருவரும் தாங்களே கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதங்களை எழுதி எடுத்துக்கொண்டு அக்கா ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போனாள். கோட்டுச்சேரி, பட்டினம், டவுன் தெருக்கள்.

ராஜம் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் போடவில்லை. "தம்பி அங்கயே இருக்குல்லம்மா, நேர்ல போய்க் கேட்டுடும்," என்றார்கள். அதே வீடுகளில் அவளுக்குக் காப்பியும் கொடுத்தார்கள். அவள் குடித்துவிட்டு வந்தாள். தம்பியைப் பற்றி எந்த வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவன்கிட்ட இருந்தா இருங்க, ஆனா சான்று போச்சான்னு கேட்டுக்குங்க," என்று மட்டும் சொல்வாளாம். என்னிடமும் அவள் அழவில்லை. ஒரே ஒரு தடவை, சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தக் குறிப்பையெல்லாம் நானா எழுதி அனுப்பினேன் கரீன்," என்றாள். அவன் கேட்டுக்கூட இருக்கவில்லை.

இந்த வருஷம் தொடக்கத்தில் அக்கா மாரடைப்பில் போனாள். ஸ்டெஃபான் விமானம் பிடித்து வந்தான். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான். கல்லறையில் அவன் அழுததைப் பார்த்து ஊரே கலங்கியது. தாய்போல வளர்த்தவள் அல்லவா என்றார்கள். நான் தலையாட்டினேன்.

சில வாரம் கழித்து ராஜம் என் வீட்டுக்கு வந்தார். பட்டினத்தில் அவருக்கு ஒரு பெரியப்பா மகன், பெயர் நெடுமாறன். அக்காவிடம் மெயில் பெட்டி வைத்திருந்தவர், இப்போது படுத்த படுக்கையாக இருப்பவர். அவரைப் பார்க்கப் போயிருக்கிறார்.

"ஜிசேலு மெயில் போட்டிருக்கு, சான்று எழுதிக் குடுக்க வீட்டுக்கு ஆள் வரச் சொல்லணும்னு நெடுமாறன் சொல்றான். அவன் மவன் போன்ல காட்டுனான். முந்தாநாள் வந்தது. அடியில ஓங்கக்கா பேரு. படுத்துக் கெடக்குற மனுசன்கிட்ட அவ செத்தத வீட்டுல சொல்லல போல. எனக்கும் வாய் வரல கரீன்."

ஸ்டெஃபானுக்குப் போன் செய்தேன்.

"சின்னக்கா, இதுல என்ன இருக்கு?" என்றான். "அவ மெயில் பெட்டி அப்படியே இருக்கு. அந்தப் பேரப் பாத்தாத்தான் பதில் போடுறாங்க. ஒரு பேருதானே."

இறப்புச் சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டேன். அக்காவின் ஸ்கூட்டரில் பட்டினத்துக்குப் போனேன். நெடுமாறன் தலையணையை உயர்த்திவைக்கச் சொல்லி, கண்ணாடி போட்டு, நகலைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு கேட்டார்:

"அப்ப எனக்கு எழுதுனது யாரும்மா?"

"என் தம்பி," என்றேன்.