அக்கா என்ற ஒரு சொல்

முருகன் அடியார் அனைவருக்கும் என் வணக்கம். போன ஆவணியில் என் பேத்தி பூவிழியை ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். ஈட்டி எறிவதில் நம் நாட்டிலேயே முதல் ஆள் அவள். சரவணம்பட்டியில் அவள் படம் போட்ட தட்டி இல்லாத தெரு கிடையாது. பெரிய போட்டிக்குப் போனவளின் விசாவை அந்த நாட்டு அரசாங்கம் ரத்து செய்தது. பொய் சொன்னாளாம்.

விண்ணப்பத்தில் 'உடன்பிறந்தோர் இல்லை' என்று எழுதியிருந்தாள். அது உண்மை. என் சின்ன மகனுக்கு அவள் ஒரே பிள்ளை. அங்கே போய் இறங்கியதும், கூட்டிப்போக யார் வருகிறார்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். 'சிஸ்டர்' என்றிருக்கிறாள். வந்தவள் என் பெரிய மகனின் பெண் மீனா. அந்த ஊரில் வேலை பார்க்கிறாள். அக்காவை மறைத்தாள் என்று டி.வி.யில் ஓயாமல் ஓடியது. இனி பல வருடம் அங்கே நுழைய முடியாது என்றார்கள்.

"அப்பாரு, நான் பொய்யே சொல்லலீங்க" என்று தாத்தாவான என்னிடம் போனில் அழுதாள் பூவிழி.

"அழுவாத கண்ணு" என்று போனை வைத்துவிட்டு நான் அழுதேன்.

நான் எதையும் எண்ணிப் பார்க்கிறவன். மாத்திரையை எண்ணுவேன், பால் பாக்கெட்டை எண்ணுவேன். அன்று 'சரவணபவ' என்று எண்ணத் தொடங்கி, பாதியிலேயே கணக்கு விட்டுப்போயிற்று. "முருகா, நீயும் அண்ணனோடு பிறந்தவன். நம் பேச்சு புரிகிற ஒருத்தரை அங்கே அனுப்பு" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் விசாரணை. என்னையும் கம்ப்யூட்டர் வழியாகச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். நீதிபதி கேட்டதை ஒரு மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தரா?"

"இல்லீங்க."

"அம்மா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படி அக்கா?"

படபடப்பில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, பெரியப்பன் புள்ளய அக்கான்னு கூப்புடாம அத்தைன்னா கூப்புடறது?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை அப்படியே மொழிபெயர்த்தார். பிறகு நீதிபதியிடம் அனுமதி கேட்டு, தமிழில் பெரியப்பா மகளும் அக்காதான், அழைக்க வேறு சொல் இல்லை என்று விளக்கினார். நீதிபதி ஏற்றுக்கொண்டார். அன்றைக்கே விசா திரும்பக் கிடைத்தது.

எல்லாம் முடிந்த பிறகு மொழிபெயர்ப்பாளர் என்னிடம், "எனக்கும் உங்க பக்கந்தான், சோமனூருங்க. எனக்கும் இப்படி ஆறு அக்காங்க. ஒருத்திகிட்ட நீ அக்கா இல்லைன்னு சொன்னாலும் உதைதானுங்க" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முருகன் அனுப்பிய ஆள்!

போட்டி முடிந்ததும் பூவிழி கூப்பிட்டாள். "மூணாவது எடமுங்க அப்பாரு! மீனாக்கா போட்ட சத்தத்துக்குப் பயந்தே ஈட்டி பறந்துபோச்சு."

இப்போதும் கவலை வரத்தான் செய்கிறது. ஆனால் அதை அவன் காலடியில் வைத்துவிட்டுத் தூங்குகிறேன். சொல்லத் தெரியாத துயரம் உங்களுக்கும் இருக்கலாம். அவனிடம் சொல்லுங்கள். நம் பேச்சு அவனுக்குப் புரியும்.